நீவிவிட்டால் இடுப்பு வலி போகுமா?

கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்கு அருகே இருக்கிறது இடுக்குப் பிள்ளையார் கோயில். அதன் மூன்று குறுகிய வாசல்களுக்குள் ஒருக்களித்துப் படுத்து, உடம்பை நெளித்து வெளியே வந்தால் இடுப்பு வலி தீரும் என்பது திருவண்ணாமலையின் நம்பிக்கை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகம் முழுவதும் 61.9 கோடி பேருக்கு இந்த வலி இருந்தது.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் மலையைச் சுற்றி வந்தவர் மறுநாள் "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்றால், முதலில் தேடுவது நீவிவிடும் கையைத்தான். தேடட்டும். அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்திருந்தால் போதும்.

கை செய்யும் வேலை

இடுப்பு வலிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. வலி வந்ததும் முதுகுத் தசைகள் விறைத்துக்கொள்கின்றன. அந்த விறைப்பும் சேர்ந்து வலிக்கிறது. பதமாக நீவும்போது தசை இளகும், குனியலாம் என்ற தைரியம் வரும். ஆனால் விலகிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கிருந்து எழுந்துவிடுங்கள். பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் வீட்டு வைத்தியமும் வேண்டாம், குறிப்பாக எலும்பு தேய்ந்த வயதில்.

எத்தனை நாள் தாங்கும்?

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நாள்பட்ட இடுப்பு வலியுள்ள 401 பேரிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. வாரம் ஒருமுறை, பத்து வாரம் மசாஜ். பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. ஓராண்டில் பெரும்பாலும் கரைந்துபோனது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு: சும்மா இதமாக நீவியதும், நுணுக்கமாகத் தசை பார்த்து அழுத்தியதும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தந்தன. 25 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் 2015-ஆம் ஆண்டு அறிக்கையும் குறுகிய கால நிவாரணம் உண்டு என்றே சொல்கிறது. ஆதாரம் வலுவில்லை, சிலருக்கு வலி கூடவும் செய்தது என்ற எச்சரிக்கையோடு.

ஆகவே வலி தணிந்திருக்கும் அந்தச் சில வாரங்களில் நடக்க வேண்டும், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சியும் உண்டு, மசாஜும் உண்டு. இடுப்பு பெல்ட் வேண்டாம் என்கிறது அது. மலையைச் சுற்றி நல்ல பாதை இருக்கும் ஊரில் நடக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. முழுச் சுற்று வேண்டாம், முடிந்த தூரம் போதும்.

நம் ஊர் முறை

சித்த மருத்துவத்தில் நீவிவிடுவதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உட்பட ஒன்பது வகை. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. உளுந்து தைலமோ வெறும் நல்லெண்ணெயோ, வெதுவெதுப்பாக இருந்தால் போதும்.

கை வைக்கக் கூடாத நேரம்

காய்ச்சலோடு வரும் வலி, விழுந்தபின் வந்த வலி, புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, காரணமின்றி எடை குறைவது: இவற்றில் மருத்துவர் பார்த்த பிறகே மசாஜ். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் அழுத்தவிட வேண்டாம். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை, தொடையிடுக்கு மரத்துவிட்டது, கால் தளர்கிறது என்றால் நடு இரவானாலும் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.