15 கிரெடிட் எடுத்தால் வேலைக்கும் போக முடியுமா? சமூகக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கணக்கு

சிகாமாட், பத்து பகாட், பாசிர் கூடாங் என ஜொகூரில் சமூகக் கல்லூரிகள் பல உள்ளன. புதிய செமஸ்டருக்குப் பாடங்களைப் பதியும்போது, "மூணு கிரெடிட் தானே, சமாளிச்சிடலாம்" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு கிரெடிட் என்றால் என்ன?

மலேசியக் கல்வித் தகுதிக் கட்டமைப்பின்படி, ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு மட்டுமல்ல, பட்டறைப் பயிற்சி, அசைன்மென்ட், வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் இதில் அடங்கும். ஆக, 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம் தேவை.

15 கிரெடிட் எடுத்தால்?

மொத்தம் 600 மணி நேரம். 15 வாரங்களுக்குப் பிரித்தால், வாரத்துக்கு 40 மணி நேரம். இதுவே ஒரு முழுநேர வேலை மாதிரிதான். கடையில் 20 மணி நேர வேலையும் சேர்ந்தால், வாரம் 60 மணி நேரம் ஆகிவிடும்.

பாடத்தைக் குறைக்கலாமா?

சான்றிதழ் பெறக் குறைந்தது 60 கிரெடிட் வேண்டும். இப்போது விட்டதைப் பிறகு எடுத்தே ஆக வேண்டும். அது இன்னொரு பாடத்துக்கு முன்நிபந்தனையாக இருந்தால், அந்தப் பாடமும் தள்ளிப்போகும்.

பதிவதற்கு முன்?

முன்நிபந்தனைப் பாடங்களை முதலில் எடுங்கள். மறுபடி எடுக்க வேண்டிய பாடத்தையும் கணக்கில் சேருங்கள். வேலை நேரத்தை மறைக்காமல் கல்வி ஆலோசகரிடம் சொல்லுங்கள். பிறகு போலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும்போது, இந்த மதிப்பெண்கள்தான் பேசும்.