ரூம்மேட்டோடு சேர்ந்து கட்டிய அட்வான்ஸ்: பாதியில் கிளம்பினால் யாரிடம் கேட்பது?

சென்னையில் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.24,000. அட்வான்ஸ் ரூ.72,000, ஆளுக்கு ரூ.24,000. எட்டாவது மாதம் ஒருவருக்கு பெங்களூருவில் வேலை கிடைக்கிறது. ஓனரிடம் கேட்டால், “வீடு காலியாகட்டும், மொத்தமா தர்றேன்” என்கிறார். நண்பர்களைக் கேட்டால், “பணம் ஓனர்கிட்டதானே இருக்கு?” என்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி?

ஓனர் பக்கம்தான் சட்டம்

மூவரும் கையெழுத்து போட்டிருந்தால், அட்வான்ஸ் மூவருக்கும் சேர்த்துத் தர வேண்டிய ஒரே தொகை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, அதைக் கேட்கும் உரிமையும் கூட்டு உரிமைதான் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 45-வது பிரிவு. ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருந்தால், மற்றவர்கள் தங்கள் பங்கை அவரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு ஆதாரம், பணம் அனுப்பிய யுபிஐ பதிவு.

அப்போ என்ன வழி?

புதிதாக வருபவர், கிளம்புபவரின் பங்கைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் இதில் புதியவருக்கு ஒரு ரிஸ்க் உண்டு. கடைசியில் சேதத்துக்காக ரூ.12,000 பிடித்தால், அவர் வருவதற்கு முன்பே உடைந்த கதவுக்கும் ரூ.4,000 அவர் தலையில் விழும். அதனால் கைமாறும் நாளிலேயே வீட்டை வீடியோ எடுத்து, மூவரும் பார்த்து, அதுவரையிலான சேதத்துக்கு கிளம்புபவரின் பங்கைக் கழித்துவிடுவது நல்லது. பெயர் மாற்றத்தை ஓனரிடம் எழுத்தில் வாங்குவதும் அவசியம். வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது மேல்.

மொத்தமாகக் காலி செய்யும்போது?

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 11-வது பிரிவு சொல்வது இரண்டு விஷயம்:

* வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது.
* காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

“அடுத்த ஆள் வரட்டும், அப்புறம் பாக்கலாம்” என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

பெயின்டிங் காசு?

சுவருக்கு வெள்ளையடிப்பது ஓனர் பொறுப்பு என்கிறது இதே சட்டத்தின் அட்டவணை. ஆனால் ‘பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ என்று ஒப்பந்தத்தில் எழுதி கையெழுத்து போட்டிருந்தால், பிறகு மறுப்பது கஷ்டம். அந்த வரியைப் பேசித் திருத்த வேண்டிய நேரம், சாவி வாங்கும் முன்தான்.

தர மறுத்தால்?

முதலில் கணக்கு கேட்டு, மூவர் பெயரிலும் ஒரு கடிதம். பிறகு வக்கீல் நோட்டீஸ். அடுத்து வாடகை நீதிமன்றம். ஆனால் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 11 மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். பதிவு செய்யாவிட்டால், இந்தச் சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்பது கடினம்.