செங்கற் கட்டும் சாந்தின் அளவும்

கண்டி ஏரிக்கரையில் அலைபோல் வளைந்து செல்லும் மேகச் சுவர், 1815ஆம் ஆண்டிற் கண்டியரசு வீழ்வதற்கு முன்னர், ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் காலத்தில் எழுந்ததாகும். இன்று வழங்கும் போட்லண்ட் சீமெந்துக்கு ஜோசப் அஸ்ப்டின் இங்கிலாந்தில் உரிமைப் பத்திரம் பெற்றதோ 1824இலேயாம். ஆகவே, அச்சுவரை எழுப்பியோர் அச்சீமெந்தை அறியார். சுண்ணாம்புச் சாந்தே அக்காலக் கட்டடங்களைப் பிணைத்தது. சீமெந்து மிகுந்தாலன்றிச் சுவர் உறுதிபெறாது என்னும் எண்ணம் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மணற்றுணிக்கைகளுக்கு இடையேயுள்ள வெற்றிடம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும். அதனை நிரப்புதற்கு 3 பங்கு மணலுக்கு 1 பங்கு பிணைபொருள் வேண்டும். அப்பங்கு முழுவதும் சீமெந்தாயின் சாந்து கல்லினும் வன்மையுற்று, உலருங்கால் மிகச் சுருங்கும். மலைச்சரிவில் நிலம் சிறிது அசைந்தாலும் வெடிப்பு மெலிந்த செங்கல்லை ஊடறுத்துச் செல்லும். உட்புகுந்த மழைநீர், இறுகிய சாந்தின் வழியே வெளியேற இயலாது கல்லின் வழியே வெளியேற, கல்லின் முகம் பொரிந்து உதிரும். சாந்து மெலிந்ததாயின் அசைவு இணைப்புகளில் மயிரிழை வெடிப்புகளாகப் பரவிவிடும். இணைப்பைப் புதுக்குதல் எளிது; கல்லை மாற்றுதல் அரிது. எனவே, சாந்து கல்லினும் மெலிந்திருத்தல் வேண்டும்.

சீமெந்தின் ஒரு பகுதிக்கு ஈடாகச் சுண்ணாம்பைச் சேர்த்தலே இதற்கு வழி. தோட்ட மதில் முதலிய சிறு கட்டுகளுக்குச் சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்னும் கன அளவு ஏற்றது. மழைபடாத உட்சுவருக்கு 1:2:9 போதுமானது. சீமெந்து 1, மணல் 3 என்னும் வன்கலவை, எப்போதும் ஈரம் நிலவும் இடத்து வன்மைமிக்க கற்களுக்கே உரியது. மண்ணைத் தாங்கும் அணைசுவரோ பொறியியலாளரின் கணிப்புக்கு உரியதாகும்.

கண்டியை அடுத்த திகனையிலும் மாத்தளையிலும் கிடைக்கும் சுண்ணக்கல் மகனீசியம் செறிந்தது. அதனைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பு மெல்லவே நீறும். முற்றும் நீறாததைக் கலப்பின், அது சுவரினுள் பின்னர் விரிந்து கட்டைச் சிதைக்கும். ஆதலால் நன்கு நீற்றிய சுண்ணாம்பையே கொள்ளல் வேண்டும்.

மணலின் தூய்மையும் நோக்கற்பாலது. கண்ணாடிப் போத்தலில் மணலும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால் வண்டல் மேலே படியும். அது மணலின் உயரத்திற் பத்திலொரு பங்கை விஞ்சின் மணலைக் கழுவுதல் வேண்டும். செங்கற்களை நனைத்தே அடுக்குதல் முறை. சீமெந்து கலந்த சாந்தை இரண்டு மணி நேரத்துள் பயன்படுத்தல் வேண்டும்; இறுகத் தொடங்கியதில் மீண்டும் நீர் வார்த்துக் குழைத்தல் தகாது. கட்டிய சுவரை ஏழு நாளேனும் ஈரங்காயாது காத்தல் நன்று.

வன்மையொன்றே உறுதியன்று. கல்லின் இயல்பறிந்து கலந்த சாந்தே சுவரை நெடுங்காலம் நிலைபெறச் செய்யும்.