முறை இருக்கிறது... ரத்தம் என்ன சொல்கிறது?

"அண்ணன் வாய்விட்டுக் கேட்டுட்டாரு. பையனும் தங்கமான பையன். இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

சொந்தத்தில் பெண் கேட்டு வந்த வீட்டில் தாயின் மனசில் எழும் கேள்வி இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் இதற்கு இன்னொரு கனமும் சேர்ந்திருக்கிறது. சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்து, நிலத்தின் விலை ஏறிவிட்டது. 'சொத்து அசலுக்குப் போகக் கூடாது' என்ற பழைய நியாயத்துக்குப் புது பலம்! அதே சமயம், அந்த வீட்டுப் பெண் கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

இது ஏதோ சில வீடுகளின் பிரச்னை அல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு சுமார் 28 பேர் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். நாடு முழுவதற்கும் இது சுமார் 11 தான்.

முறை வேறு, ரத்தம் வேறு

பெரியப்பா பிள்ளை என்றால் அண்ணன். மாமன் பிள்ளை என்றால் முறைப்பையன். இது நாம் வகுத்த கணக்கு. ரத்தத்துக்கு இந்தப் பேதம் தெரியாது. இரண்டு உறவிலும் தாத்தா பாட்டியிடமிருந்து வந்த ஜீன்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நாலில் ஒரு பங்கு! 'கோத்திரம் வேறுதானே' என்பதும் இங்கே செல்லாது. ஜீன்கள் தாய் வழியாகவும் வருகின்றனவே.

நம் ஒவ்வொருவரிடமும் பழுதான சில ஜீன்கள் மறைந்திருக்கின்றன. ஜோடியில் மற்றொன்று நன்றாக இருப்பதால் நமக்குக் கெடுதல் தெரிவதில்லை. ஒரே பழுது கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால்தான் ஆபத்து. அப்போது ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. 'முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது' என்று நினைப்பது தவறு. ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதான். பிறவிச் செவிடு, தாலசீமியா, சில தசை நோய்கள் இப்படி வரக்கூடியவை.

எவ்வளவு பயப்படலாம்?

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2013ல் முடிவு வெளியிட்டார்கள். பொதுவாக 100க்கு 3 குழந்தைகளுக்குப் பிறவிக் கோளாறு இருந்தால், அத்தை, மாமன், சித்தப்பா பிள்ளைகள் போன்ற உறவில் மணந்தவர்களுக்கு 6. அதாவது இரண்டு மடங்கு. ஆனாலும் 94 குழந்தைகளுக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆகவே ஏற்கெனவே சொந்தத்தில் மணந்து, குழந்தை குட்டிகளோடு இருப்பவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம்.

"எங்க பாட்டி காலத்திலேருந்து இப்படித்தான். என்ன கெட்டுப் போச்சு?" என்பார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கொண்டு கொடுத்தால் பொதுவான பங்கு கூடிக்கொண்டே போகும். பாட்டி காலத்தில் கைக்குழந்தை இறந்தால் மாந்தம், தோஷம் என்றார்கள். காரணத்தை யார் தேடினார்கள்?

தாம்பூலம் மாற்றும் முன்...

முதலில் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து மூன்று தலைமுறைக் கொடிவழியைக் காகிதத்தில் எழுதுங்கள். காது கேளாதவர், வலிப்பு உள்ளவர், மூளை வளர்ச்சி குன்றியவர், சிறு வயதில் இறந்த குழந்தைகள், அடிக்கடி கருச்சிதைவு... எதையும் மறைக்க வேண்டாம்.

அடுத்து, பையனும் பெண்ணுமாக மரபியல் டாக்டரிடம் ஆலோசனை கேளுங்கள். ஒரகடம் பக்கத்தவர்களுக்குப் போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் மனித மரபியல் துறையே இருக்கிறது. சில நோய்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. எல்லா நோய்களையும் அது காட்டிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். பெண்ணைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். தூக்கி வளர்த்த மாமனையே கணவனாக நினைக்க அவளால் முடியுமா? 1955ம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் இத்தகைய உறவுகளை விலக்கினாலும், வழக்கம் இருந்தால் அனுமதிக்கிறது. ஆனால் வழக்கம் அனுமதித்தாலும் அவள் மனசு அனுமதிக்க வேண்டாமா? நாளைக்குக் குழந்தைக்குக் குறை என்றால் 'அவ வயிறு சரியில்லே' என்ற பழி அவள் தலையில்தான் விழும். இந்த வகைக் கோளாறுக்குப் பழுதான ஜீன் இருவரிடமிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பதை அப்போது யார் நினைக்கப் போகிறார்கள்!

சொந்தத்தில் குழந்தை பிறந்திருந்தால், உடனே காது கேட்கிறதா என்று சோதித்துவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் கருவி பொருத்திப் பேச வைக்கலாம்.

சரி, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது?

"அண்ணா, உன் உறவு எனக்கு எப்பவும் வேணும். நம்ம பேரப்பிள்ளை நல்லா இருக்கணும்னுதான் யோசிக்கிறேன். முதல்ல டாக்டரைப் பார்த்துடலாம். அப்புறம் பொண்ணு என்ன சொல்றாளோ, அதுதான் முடிவு!"

பாசமுள்ள அண்ணன் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்.