பலாப்பழம் தின்றவர் எழுதிய கடிதம்

டில்லிக்குப் போகிறவர்கள் செங்கோட்டை, குதுப் மினார் எல்லாம் பார்த்த பிறகு நேரம் மிஞ்சினால், சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பழைய எஞ்சின்களைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். என்னைக் கேட்டால், அங்கே இடம் பெற்ற ஒரு கடிதத்துக்காகவே போகலாம். 1909-ஆம் ஆண்டு ஒகில் சந்திர சென் என்ற வங்காளி அன்பர், சாகிப்கஞ்ச் கோட்ட ரயில்வே அலுவலகத்துக்கு எழுதியது அது.

விஷயம் இதுதான். பலாப்பழம் தின்று வயிறு உப்பிய நிலையில் ரயிலில் வந்தவர், அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்க இறங்கியிருக்கிறார். அதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். இவர் ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் ஆண் பெண் அனைவருக்கும் முன்னால் விழுந்து மானம் போயிற்று. வண்டியும் போயிற்று. கார்டுக்குப் பெரிய அபராதம் போடுங்கள், இல்லையேல் பத்திரிகைக்கு எழுதுவேன் என்று முடித்திருக்கிறார். ரயில் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு இந்தக் கடிதமே காரணம் என்று சொல்வார்கள்.

ஆங்கிலம் தத்துப்பித்து, இலக்கணம் தடம் புரண்டு கிடக்கிறது. ஆனாலும் எடுத்தவன் கீழே வைக்க முடியாது. ஏனென்றால் முதல் வரியிலேயே பலாப்பழம் வந்துவிடுகிறது! கனம் பொருந்திய ஐயா அவர்களின் சமூகத்துக்குத் தாழ்மையுடன் என்று அரைப் பக்கம் கும்பிடு போடவில்லை. நடந்தது என்ன, தனக்கு வேண்டியது என்ன, தராவிட்டால் என்ன செய்வார், அவ்வளவுதான்.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். என் மேஜைக்கு வந்த மனுக்களில் பாதியைப் படித்து முடிக்கும்போதும் இவருக்கு என்னதான் வேண்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கும். லீவு கேட்கிறாரா, குவார்ட்டர்ஸ் கேட்கிறாரா என்று இரண்டாம் பக்கத்தில் தேட வேண்டும். தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்குக் காசு என்பதால் ஜனங்கள் சுருக்கமாக எழுதினார்கள். 2013 ஜூலையோடு தந்தியும் போய்விட்டது.

இதெல்லாம் நினைவுக்கு வரக் காரணம், நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெண். இங்கே நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், எலெக்ட்ரிகல் டிப்ளமா. பக்கத்து ஊர் ஜின்னிங் மில் ஒன்றில் மூன்று வருடம் பராமரிப்பு வேலை பார்த்தாள். மில்லை மூடிவிட்டார்கள். தகப்பனார் இல்லை. தாயார் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். நாற்பது கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பி, ஒருவர்கூட பதில் போடவில்லை என்று அந்த அம்மாள் என்னிடம் கண் கலங்கினார்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். தங்கள் விளம்பரத்தைக் கண்டு இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன். நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், எல்லோருடனும் ஒத்துப்போவேன். பெயரை மாற்றினால் இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் அனுப்பலாம்!

"ஏம்மா, மில்லில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்டேன்.

"மோட்டாரைப் பார்த்துக்கொண்டேன் அங்கிள்."

தோண்டித் தோண்டிக் கேட்டதில் விஷயம் வந்தது. இவள் சேர்ந்த வருடம் அங்கே 11 மோட்டார்கள் எரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் எப்போது, எதனால் எரிந்தது என்று இவளாக ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறாள். பெரும்பாலானவை ஒரு பேஸ் அறுந்து எரிந்தவை. மூன்று பேஸில் ஒன்று போனால் மற்ற இரண்டில் கரண்ட் ஏறும். கவனிக்காவிட்டால் காயில் வெந்துவிடும். தடுப்பு ரிலே போடச் சொல்லி முதலாளியை நச்சரித்துப் போட வைத்திருக்கிறாள். அடுத்த வருடம் எரிந்தது 2.

"இதை ஏன் எழுதவில்லை?"

"அது என் வேலைதானே அங்கிள்? அதைப் போய் எழுதினால் பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்காதா?"

நம் வீடுகளில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறோம். தன்னைப் பற்றித் தானே பேசக் கூடாது. நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடின உழைப்பாளி என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொள்வதுதான் பீற்றல். 11 என்றும் 2 என்றும் எழுதுவது வெறும் கணக்கு.

விளம்பரத் தொழிலில் பேர் பெற்ற டேவிட் ஓகில்வி செய்ததும் இதுதான். 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு அவர் கொடுத்த தலைப்பில் உயர்ந்தது, சிறந்தது என்ற பேச்சே கிடையாது. மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது அந்தக் காருக்குள் பெரிதாகக் கேட்கும் சத்தம் அதிலுள்ள மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்பதே செய்தி. அதையும் அவர் கற்பனை செய்யவில்லை. மூன்று வாரம் அந்தக் காரைப் பற்றியே படித்து, ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சோதித்துச் சொன்னதிலிருந்து எடுத்தார். எஞ்சினியர் வர்க்கத்துக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு!

அந்தப் பெண்ணின் கடிதத்தை மோட்டார் கணக்கிலிருந்தே தொடங்கினோம். இப்போது விண்ணப்பம் எல்லாம் இ-மெயிலில்தானே? வேலைக்கான விண்ணப்பம் என்று போட்டிருந்த பொருள் வரியில், பராமரிப்புப் பணிக்கு: எரிந்த மோட்டார்களை 11-லிருந்து 2 ஆகக் குறைத்தவர் என்று ஆங்கிலத்தில் போட்டோம். ரயில் பாதையில் ஹோம் சிக்னல் என்ன காட்டப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்ல டிஸ்டன்ட் சிக்னல் இருக்கிறதல்லவா, தலைப்பும் அப்படித்தான். டிஸ்டன்ட் ஒன்றைச் சொல்லி ஹோம் வேறொன்றைக் காட்டினால் விபத்து. ஆகையால் நோட்டுப் புத்தகத்தில் இல்லாத எதையும் எழுத நான் விடவில்லை. கடிதம் முக்கால் பக்கத்தில் முடிந்தது.

ஆறு இடங்களுக்கு அனுப்பினாள்; இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். முதல் இடத்தில் சம்பளம் ஒத்து வரவில்லை. இரண்டாவது இடத்தில் நேர்முகத் தேர்வு முழுக்க மோட்டார் பேச்சுத்தானாம். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டியிருக்கிறார்கள். இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

நம் சங்கத்துக்கும் இது பொருந்தும். ஆசிரியர் கோபிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு "தமிழ் வகுப்பு - அறிவிப்பு" என்று பலகையில் ஒட்டினோம். இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். மறுமுறை "ஊரிலிருக்கும் பாட்டியிடம் உங்கள் பிள்ளையால் போனில் ஐந்து நிமிடம் பேச முடியுமா?" என்று எழுதினோம். பதினான்கு பேர்! அதே வகுப்பு, அதே வாத்தியார், அதே உடைந்த பெஞ்சு. ஆண்டு விழா நோட்டீசுக்கும் யாராவது இப்படி ஒரு வரி யோசித்தால் தேவலை.

ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க நூலகத்தில் இருப்பேன். வேலை தேடும் பிள்ளைகள் வரலாம். வரும்போது எழுதிய கடிதத்தோடு, செய்த வேலைக்கு நோட்டோ ரசீதோ போட்டோவோ எது இருந்தாலும் எடுத்து வரட்டும்.