கொப்பரையில் விழாத மொழி

சிங்கப்பூர்ப் புக்கிட் தீமாவில் 1928-இல் எழுந்த ராபிள்ஸ் கல்லூரி, 1949-இல் மருத்துவக் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக் கழகமாயிற்று. பெயர்தான் பெரிது, மாணவரோ சில நூற்றுவரே. அவர்தம் இலக்கிய ஏட்டின் பெயர் ‘நியூ கால்ட்ரன்’. புதுக்கொப்பரை என்பது பொருள்.

பாடநூலின் ஆங்கிலம் ஒன்று. விடுதியில் உணவு மேசைப் பேச்சு மற்றொன்று. பின்னதில் மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லும் தாமே வந்து கலக்கும். அப்பேச்சைச் செய்யுளிலும் ஆண்டால் என்ன என்று இளைஞர் சிலர் துணிந்தனர். அம்முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘எங்மால்சின்’. இங்கிலீஷ், மலாய், சைனீஸ் என்பவற்றின் முதலசைகளைக் கோத்தது. ஈப்போவில் வளர்ந்த வாங் குங்வூ 1950-இல் வெளியிட்ட ‘பல்ஸ்’ என்னும் கவிதை நூல் அதன் முதற்கனி. முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு செய்தி.

தமிழாசிரியர் இங்கே சற்று நிற்க வேண்டும். அப்பெயரில் தமிழுக்கு ஓரசைகூட இல்லையே! தமிழ்க் குருதி அங்கு இல்லாமலில்லை. தமிழரான பள்ளியாசிரியர் ஒருவரின் மகன் எட்வின் தம்பு, மாணவராயிருந்த 1956-இலேயே கவிதை நூல் வெளியிட்டார், அதுவும் ஆங்கிலத்தில்தான். இதனை வெறுப்பென்று கொள்ளுதல் தவறு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி தொடக்கக் கல்வியோடு நின்றது. அப்பிள்ளை அந்த உணவு மேசைக்கு எவ்வாறு வந்து சேர்வான்? வாராதவன் மொழி கொப்பரையில் எப்படி விழும்?

இந்திய இயல் துறை 1956-இல்தான் தொடங்கிற்று. அங்கே தமிழ் இடம்பெறத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியவர்கள் மாணவரல்லர், கோ. சாரங்கபாணியும் பொதுமக்களுமே.