முடிந்த சீசனுக்கு ஒரு பூட்டு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஏற்றுமதி ஷூ கம்பெனிகளின் கணினிகளில் சீசனுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கும். பேட்டர்ன் வரைபடம், ஆர்ட்டிகிள் போட்டோ, ஆர்டர் ஷீட், லேப் ரிப்போர்ட் எல்லாம் அதற்குள். கன்டெய்னர் கப்பலேறி ஒரு வருடம் ஆகியிருக்கும். ஃபோல்டர் மட்டும் திறந்தே கிடக்கும். புது ஆர்டருக்காகப் பழைய ஷீட்டைத் திறந்தவர் நாலு வரியை மாற்றி, பழக்கதோஷத்தில் சேவ் செய்துவிட்டுப் போவார். யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆடிட்டர் கேட்கிற நாள் வரை.

கேட்கத்தான் செய்வார்கள். தோல் பொருளில் குரோமியம் 6 ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டக்கூடாது என்ற ஐரோப்பிய விதி 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. எந்த லாட் தோலுக்கு எந்த ரிப்போர்ட் என்று பிற்பாடு காட்ட வேண்டியிருந்தால், அன்றைய கோப்பு அன்றைய நிலையிலேயே கிடைக்க வேண்டும்.

இதற்கு லினக்ஸில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற வசதி இருக்கிறது. பிலிப் லோகர் என்பவர் 2002-இல் வெளியிட்டது. 2009-இல் வந்த 2.6.29 கர்னலோடு லினக்ஸின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஒரு முழு ஃபோல்டரைச் சுருக்கி ஒரே இமேஜ் கோப்பாக்கும். அதை மவுண்ட் செய்தால், பென்டிரைவ் செருகியதுபோல உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே தெரியும். திறக்கலாம், தேடலாம், காப்பி எடுக்கலாம். மாற்றவோ அழிக்கவோ முடியாது, அட்மின் பாஸ்வேர்டு வைத்திருப்பவராலும். எழுதுவதற்கான வழியே அந்த அமைப்பில் கிடையாது.

தமிழ்நாட்டில் பலர் இதைத் தெரியாமலே பயன்படுத்தியிருக்கக்கூடும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்ந்து வந்த பாஸ் லினக்ஸ் நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக் உருவாக்கியது, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் லைவ் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் மொத்த இயங்குதளமும் ஒரே ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பாக உட்கார்ந்திருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட வைஃபை ரூட்டரிலும் இதுதான் வழக்கம். ரீசெட் பட்டனை அழுத்தினால் அது பழைய நிலைக்குத் திரும்புவதற்குக் காரணம், மாற்ற முடியாத அசல் அடியில் அப்படியே இருப்பதுதான்.

ஸிப் போதாதா என்று கேட்கலாம். ஸிப்பில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்த வெளியே பிரித்துப் போட வேண்டும்; பிரித்த மறுநிமிடம் அது மறுபடியும் திறந்த ஃபோல்டர். ஸ்குவாஷ்எஃப்எஸ் ஒவ்வொரு கோப்பையும் வழக்கமாக 128 கேபி துண்டுகளாக வெட்டித் தனித்தனியே சுருக்குகிறது. அதனால் கேட்ட துண்டை மட்டும் விரித்தால் போதும், மற்றது சுருங்கியபடியே கிடக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு: ஒரே கோப்பு ஆறு இடத்தில் இருந்தால் ஒரு தடவைதான் சேமிக்கும். ஒரே சோல் வரைபடத்தை ஒவ்வொரு ஆர்ட்டிகிள் ஃபோல்டரிலும் ஒட்டி வைக்கும் நம் அலுவலகங்களுக்கு இது சும்மா கிடைக்கிற லாபம். ஆனால் போட்டோக்கள் ஏற்கெனவே சுருங்கியவை, அவை மேலும் பெரிதாகச் சுருங்காது. இடம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் செய்தால் ஏமாற்றமே.

செய்வது எளிது. ஸ்குவாஷ்எஃப்எஸ்-டூல்ஸ் என்ற பேக்கேஜை நிறுவி டெர்மினலைத் திறக்கவும். கட்டளையின் பெயர் எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ். இடைவெளி இல்லாமல் ஒரே சொல், ஆங்கிலச் சின்ன எழுத்தில். அதையடுத்து சுருக்க வேண்டிய ஃபோல்டர், அதையடுத்து இமேஜுக்கு வைக்கும் பெயர், கடைசியில் விருப்பங்கள்.

விருப்பங்களில் இரண்டு முக்கியம். முதலாவது 'நோஅப்பெண்ட்'. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் இமேஜ் இருந்தால் இந்தக் கட்டளை அதை அழித்து எழுதாது, அதன் வாலில் புதியதைச் சேர்க்கும். பெயர் மோதினால் '_1' என்று ஒட்டிவிடும். ஒரே சீசன் இரட்டையாகக் கிடப்பதைப் பார்த்துக் குழம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். நோஅப்பெண்ட் போட்டால் பழையதை நீக்கிப் புதிதாக எழுதும். இரண்டாவது 'காம்ப்', அதாவது எந்த முறையில் சுருக்குவது என்பது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஜிஸிப். எக்ஸ்இஸட் அதிகம் சுருக்கும், நேரம் எடுக்கும். இஸட்ஸ்டாண்டர்டு வேகமானது, ஆனால் 2017-இல் வந்த 4.14 கர்னலுக்கு முந்தைய கணினிகள் அதைத் திறக்காது. பத்து வருடம் அலமாரியில் இருக்கப்போகும் இமேஜுக்கு ஜிஸிப்பே போதும் என்பேன். பழைய லினக்ஸ் கணினிகளும் திறக்கும். விண்டோஸிலும் 7-ஸிப் கொண்டு பிரித்துக்கொள்ளலாம்.

குரோம் ஏற்றிய தோலை மறுபடி பச்சைத் தோலாக்க முடியாது. இந்த இமேஜ் அப்படியல்ல. அன்ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கட்டளை மொத்தத்தையும் சாதாரண ஃபோல்டராக விரித்துக் கொடுக்கும். அதில் எதையாவது மாற்றி, அதே பெயரில் இன்னோர் இமேஜும் செய்துவிடலாம். ஆக, கைத்தவறுக்கு இது பூட்டு, கைவரிசைக்கு அல்ல. அதற்கு, இமேஜ் தயாரானதும் எஸ்எச்ஏ-256 கைரேகையை எடுத்து, வாங்குபவருக்குப் போகும் மெயிலிலேயே குறித்து அனுப்பிவிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை ஒத்துப்போகாது.

அசல் ஃபோல்டரை அழிக்கும் முன் இமேஜை மவுண்ட் செய்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். வேறு டிஸ்க்குக்கு அனுப்பினால் அங்கேயும் கைரேகையைச் சரிபார்க்க வேண்டும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இமேஜின் கடைசிப் பகுதியில்தான் எழுதப்படுகிறது. பாதிக் காப்பியில் கரண்ட் போய்விட்டால், வந்து சேர்ந்த பாதியையும் சாதாரணமாகத் திறக்க முடியாது.